சிறு நூலகத்துக்கு எந்த இரவல் பதிவு முறை ஏற்றது?

குடியிருப்புச் சங்க நூலகம், அறக்கட்டளை நடத்தும் வாசகசாலை, ஊர் இளைஞர்கள் சேர்ந்து தொடங்கிய படிப்பகம் என்று ஐயாயிரம், பத்தாயிரம் புத்தகங்களோடு இயங்கும் இடங்களில் கமிட்டி கூடினால் ஒரு பேச்சு தவறாமல் வரும். இரவல் கணக்கை நோட்டிலேயே எழுதிக்கொண்டிருக்கலாமா, கம்ப்யூட்டருக்கு மாறிவிடலாமா? செலவு எவ்வளவு ஆகும், வேலை எவ்வளவு மிச்சமாகும், யார் உட்கார்ந்து ஏற்றுவது என்று ஒரு மணி நேரம் ஓடும். அந்தப் பதிவை வெளியாள் ஒருவர் புரட்டிப் பார்த்தால் அவருக்கு என்னென்ன தெரியவரும் என்பதை மட்டும் யாரும் எழுப்புவதில்லை.

எனக்கு அதுதான் முதலில் கேட்க வேண்டியதாகப் படுகிறது. சிறப்புத் திருமணச் சட்டம் பற்றிய கையேட்டை எடுத்துப்போகும் கல்லூரிப் பெண், குடியை விட வழி தேடும் குடும்பத்தலைவர், மார்பகப் புற்றுநோய் பற்றிப் படிக்கும் அம்மா. இவர்கள் என்ன படிக்கிறார்கள் என்பது வெளியே போனால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. அமெரிக்கக் கதைகளில் நூலகத்துக்கு எஃப்பிஐ வரும். நம் ஊரில் எதிர்வீட்டு மாமா போதும்.

இரவல் பதிவிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். இந்தப் புத்தகம் இப்போது யாரிடம் இருக்கிறது? இந்தப் புத்தகத்தை இதுவரை யாரெல்லாம் எடுத்தார்கள்? இந்த ஆள் இதுவரை எதையெல்லாம் எடுத்தார்? நூலகம் நடத்த முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும். புத்தகம் திரும்பி வந்துவிட்டால் அதுவும் வேண்டாம். மற்ற இரண்டுக்கும் பதில் சொல்லும் முறை, நமக்கு உதவாததைச் சேர்த்து வைத்து அடுத்தவருக்கு உதவுகிறது. ஒவ்வொரு முறையையும் இந்த மூன்று கேள்விகளைக் கொண்டே பார்த்துவிடலாம்.

நோட்டு முறையில் இரண்டு வகை உண்டு. தேதிவாரியாக வரிசையாக எழுதுவது ஒன்று, உறுப்பினருக்கு ஒரு பக்கம் ஒதுக்குவது இன்னொன்று. தேதி நோட்டில் ஒருவருடைய படிப்பு வரலாற்றைத் தேட வேண்டுமானால் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும், ஆகவே தேடுபவருக்குக் கஷ்டம். ஆனால் அது மேஜையில் விரித்தே கிடக்கும். கையெழுத்துப் போடக் குனியும் ஒவ்வொருவரும் மேலே உள்ள பத்து வரிகளைப் படித்துவிடுவார். உறுப்பினர் பக்க நோட்டு பார்க்க ஒழுங்காக இருக்கும், கமிட்டிக்குப் பிடிக்கும். ஒருவருடைய பக்கத்தைத் திறந்தால் ஐந்து வருடப் படிப்பு ஒரே பார்வையில் கிடைத்துவிடும் என்பதால், என்னைக் கேட்டால், இருப்பதிலேயே மோசம் இதுதான்.

நோட்டின் பலம் தெரிந்ததுதான். மின்சாரம் வேண்டாம், பயிற்சி வேண்டாம். தீர்ந்த நோட்டுகள் எங்கே போகின்றன என்பதில்தான் பலவீனம். பீரோ நிரம்பியதும் பழைய பேப்பர் கடைக்குப் போடுகிறார்கள். உறுப்பினர் பெயர், செல்போன் எண், எடுத்த புத்தகம் எல்லாம் அடங்கிய தாள் சுண்டல் பொட்டலமாக ஊரைச் சுற்ற வாய்ப்பு இருக்கிறது. தணிக்கை முடிந்த நோட்டைக் கிழித்து நனைத்துக் கூழாக்கிவிடுவது ஒரு மணி நேர வேலை. அதைச் செய்யும் நூலகங்கள் குறைவு.

எக்செல் தாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. அது உறுப்பினர் பக்க நோட்டேதான். வடிகட்டிப் பார்க்க இரண்டு கிளிக், நகலெடுக்க ஒரு கிளிக். கமிட்டியில் ஐந்து பேரிடம் அதன் பிரதி இருக்கும், அதில் இரண்டு பேர் கமிட்டியிலிருந்து விலகியிருப்பார்கள். இதோடு வாட்ஸ்அப் குழுவும் சேர்ந்துகொள்ளும். கெடு தாண்டிய புத்தகத்தின் பெயரையும் எடுத்தவர் பெயரையும் இருநூறு பேர் உள்ள குழுவில் போட்டு, தயவுசெய்து திருப்பித் தரவும் என்று கைகூப்புவார்கள். புத்தகம் வந்துவிடும். எடுத்தவர் அடுத்த முறை வருவாரா என்பதுதான் சந்தேகம். நினைவூட்டலைத் தனிச் செய்தியாக, புத்தகப் பெயர் இல்லாமல் அனுப்பினாலும் புத்தகம் வரத்தான் போகிறது.

அடுத்தது புத்தகத்துக்குள்ளேயே ஓர் அட்டை வைத்து, எடுப்பவரின் பெயரையோ எண்ணையோ அதில் எழுதும் முறை. அமெரிக்காவின் நெவார்க் நகர நூலகத்திலிருந்து வந்ததால் அந்த ஊர்ப் பெயராலேயே அழைக்கிறார்கள். பள்ளி, கல்லூரி நூலகங்களில் இது இன்னும் உண்டு. புத்தகத்தை எடுத்தால் நமக்கு முன்னே யார் யார் படித்தார்கள் என்று பார்க்கலாம், அதில் ஒரு சுவாரசியம்கூட இருக்கிறது. ஆனால் இரண்டாவது கேள்விக்கு இது புத்தகம் உள்ளவரை பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். 2015 அக்டோபரில் ஜப்பானின் கோபே ஷிம்புன் நாளிதழ், நாவலாசிரியர் ஹருகி முரகாமி உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது எடுத்த நூல்கள் எவை என்று செய்தி வெளியிட்டது. பள்ளி நூலகப் புத்தகங்களில் கிடந்த பழைய அட்டைகள்தான் ஆதாரம். ஐம்பது வருடம் ஆகியிருந்தது. ஜப்பான் நூலகச் சங்கம் அந்தச் செய்தியைக் கண்டித்தது. வாசகரின் ரகசியத்தைக் காப்பது நூலகத்தின் கடமை என்று 1979-இலேயே தன் நூலகச் சுதந்திரப் பிரகடனத்தில் எழுதிவைத்த சங்கம் அது. முரகாமி புகழ்பெற்றவர் என்பதால் விஷயம் வெளியே வந்தது. மற்றவர்களின் அட்டைகள் அப்படியே அலமாரிகளில் இருக்கின்றன.

இன்னொரு சம்பவமும் இப்படிப்பட்ட பதிவின் ஆபத்தைக் காட்டுகிறது. 1970-இல் அமெரிக்க வருவாய்த் துறை ஆட்கள் மில்வாக்கி பொது நூலகத்துக்கு வந்து, வெடிபொருள் பற்றிய புத்தகங்களை யார் எடுத்தார்கள் என்று கேட்டார்கள். வேறு சில நகரங்களிலும் கேட்டார்கள். அதன் விளைவாகத்தான் 1971 ஜனவரியில் அமெரிக்க நூலகச் சங்கம், நீதிமன்றம் முதலான உரிய அதிகாரம் உள்ள இடத்திலிருந்து முறையான உத்தரவு இல்லாமல் இரவல் பதிவுகளைத் தரக்கூடாது என்று கொள்கை வகுத்தது. இன்று அங்கே 48 மாநிலங்களில் இதற்கென்று சட்டம் இருக்கிறது. நம் நாட்டில் அப்படி நூலகத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. 1948-இன் சென்னைப் பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் என்று நாம் பெருமைப்படுவது, நூலக வரி, நிர்வாகம், ஆணைக்குழு என்று போகும் சட்டம். 2017-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னதுதான் நம் பக்கம் இருக்கும் பெரிய பலம்.

இப்போது எனக்குப் பிடித்த முறைக்கு வருகிறேன். நீனா பிரவுன் என்ற அமெரிக்க நூலகர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் உருவாக்கியது. பிரிட்டனில் வேரூன்றி, அங்கிருந்து நம் நூலகங்களுக்கும் வந்தது. வயதானவர்களுக்கு நூலக டிக்கெட் என்றால் உடனே ஞாபகம் வரும்.

ஒருவர் மூன்று புத்தகம் எடுக்கலாம் என்றால் அவருக்கு மூன்று டிக்கெட். சின்னப் பை போல மடித்த அட்டை, மேலே பெயரும் எண்ணும். ஒவ்வொரு புத்தகத்தின் உள்ளேயும் அந்தப் புத்தகத்துக்கான ஓர் அட்டை. எடுக்கும்போது புத்தக அட்டையை உருவி வாசகரின் டிக்கெட்டுக்குள் செருகி, கெடு தேதி எழுதிய தடுப்புக்குப் பின்னால் மரத்தட்டில் நிறுத்திவிடுவார்கள். புத்தகத்தில் ஒட்டிய தாளில் தேதி முத்திரை விழும், அவ்வளவுதான். திருப்பித் தரும்போது தேதியைப் பார்த்துத் தட்டிலிருந்து ஜோடியை எடுத்து, அட்டையைப் புத்தகத்துக்குள்ளும் டிக்கெட்டை வாசகர் கையிலும் கொடுத்துவிடுவார்கள். கோயில் வாசலில் செருப்பு டோக்கன் மாதிரிதான். எடுத்தவரையும் புத்தகத்தையும் இணைத்த கண்ணி அந்த நொடியில் பிரிந்துவிடுகிறது. எங்கும் எழுதப்படவில்லை, ஆகவே அழிக்கவும் எதுவும் இல்லை.

மூன்று கேள்விகளில் முதலாவதற்கு மட்டும், அதுவும் புத்தகம் வெளியே இருக்கும்வரை மட்டும், பதில் சொல்லும் முறை இது ஒன்றுதான். யாரும் எந்தக் கொள்கையையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. நூலகர் மாறினாலும், கமிட்டி மாறினாலும், நல்லவர் போய் வேறு மாதிரி ஆள் வந்தாலும், முந்தைய இருபது வருடத்துப் படிப்பு அவர் கையில் சிக்காது. கெடு தாண்டியவை எவை என்று தேடவும் வேண்டாம், கடந்த தேதித் தடுப்புக்குப் பின்னால் எது நிற்கிறதோ அதுதான். ஒருவர் அளவுக்கு மேல் எடுக்கவும் முடியாது, கையில் டிக்கெட் தீர்ந்துவிடும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். டிக்கெட் தொலையும், நிறையவே தொலையும். ஞாயிறு மாலையில் இருபது பேர் ஒரே நேரத்தில் வந்தால் வரிசை நீளும். ஒரு குறிப்பிட்ட புத்தகம் யாரிடம் என்று உடனே சொல்ல வராது, தேதி தெரியாமல் போனால் தட்டு முழுவதும் பார்க்க வேண்டும். முன்பதிவு செய்து வைப்பது தலைவலி. தட்டை மேஜை மேல் வாசகர் பக்கம் திருப்பி வைத்தால் பெயர்கள் தெரியும், எனவே நூலகர் பக்கம் இருக்க வேண்டும். மாதம் எத்தனை புத்தகம் போயிற்று என்ற கணக்கு வேண்டுமானால் தினமும் மாலையில் தட்டில் நிறுத்துவதற்கு முன்பே எண்ணிக்கொள்ள வேண்டும். மானியம் கேட்கிற இடத்தில் எண்ணிக்கைதானே கேட்கிறார்கள், பெயர் யாரும் கேட்பதில்லை. நாளுக்கு நாற்பது, ஐம்பது இரவல்வரை ஒரே ஆள் இதைச் சமாளிக்கலாம் என்பது என் மதிப்பீடு.

அதற்கு மேல் போனால் மென்பொருள்தான். இலவசமாகக் கிடைப்பவற்றில் அதிகம் பேசப்படுவது கோஹா. நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளைக்காக 1999-இல் எழுதத் தொடங்கி, 2000-த்தின் முதல் நாட்களில் இயங்க ஆரம்பித்தது. இன்று இந்தியக் கல்லூரி நூலகங்களில் சகஜம். பார்கோடைக் காட்டினால் புத்தகம் பதிவாகிவிடும், தேடல் வேகம், முன்பதிவு, நினைவூட்டல் எல்லாம் உண்டு.

நிறுவியபடியே விட்டால் கோஹா எதையும் மறக்காது. திரும்பி வந்த புத்தகத்தின் பதிவு பழைய இரவல் அட்டவணைக்குப் போய் உறுப்பினர் எண்ணோடு அங்கேயே தங்கிவிடும். மூன்று கேள்விகளுக்கும் ஒரு வினாடியில் பதில். ஆனால் அதை மறக்கவைக்க வழியும் அதற்குள்ளேயே இருக்கிறது. அனானிமஸ் பேட்ரன் என்ற அமைப்பில் பெயரில்லாத ஒரு போலி உறுப்பினரை உருவாக்கிக் கொடுத்து, ஓபாக் பிரைவசியை (வாசகர்கள் நூல் தேடும் பக்கத்தின் அந்தரங்க அமைப்பு) இயக்கிவிட்டால், தன் பழைய பதிவை எப்போதும் வைத்திருப்பதா, நூலகம் வைத்திருக்கும் காலம்வரையா, திருப்பிய உடனே நீக்கிவிடுவதா என்று வாசகரே தேர்ந்தெடுக்கலாம். இத்தனை நாளுக்கு முந்தைய இரவல்களையெல்லாம் அந்தப் போலி உறுப்பினர் பெயருக்கு மாற்றிவிடு என்று தினமும் இரவில் ஓடும் ஒரு நிரலும் உண்டு. எத்தனை முறை புத்தகம் போனது என்ற எண்ணிக்கை அப்படியே இருக்கும், யார் என்பது மட்டும் போய்விடும்.

நிறையப் பேர் இதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். புள்ளிவிவரத்துக்கென்று கோஹா வைத்திருக்கும் தனி அட்டவணையிலும் உறுப்பினர் எண் இருக்கிறது. இரவல், திருப்பல் நடவடிக்கைக் குறிப்பேடு இயக்கத்தில் இருந்தால் அதிலும் இருக்கும். எல்லாவற்றையும்விட, தினம் எடுக்கும் பேக்கப். போன வருட பேக்கப் ஒரு பென்டிரைவில் பீரோவுக்குள் இருக்கும்வரை நீங்கள் எதையும் மறக்கவில்லை என்றுதான் அர்த்தம். முப்பது நாளுக்கு மேற்பட்ட பேக்கப்பை மேலெழுதிவிடுவது என்று வழக்கம் வைத்துக்கொள்ள வேண்டும்.

திரும்பி வந்த புத்தகத்தில் பக்கம் கிழிந்திருந்தால் யாரைக் கேட்பது என்று உடனே ஒரு எதிர்ப்பு வரும். நியாயமானது. கோஹாவில் கடைசியாக எடுத்தவரை மட்டும் நினைவில் வைக்க ஓர் அமைப்பு இருக்கிறது. அடுத்தவர் எடுத்ததும் அந்தப் பெயர் மாறிவிடும். டிக்கெட் முறையில் இது முடியாது, திருப்பும்போதே கண்முன் புரட்டிப் பார்த்துவிட வேண்டும். எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான் அது. இன்னொரு எதிர்ப்பு வாசகர்களிடமிருந்தே வரும், நான் படித்த பட்டியல் எனக்கு வேண்டுமே என்று. அவர் கேட்டால் அவருக்காக வைத்திருக்கலாம், கேட்காதவருக்கு வைக்க வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் கோஹா டிக்கெட்டை ஜெயித்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கம்ப்யூட்டருக்கு மாறினால் சட்டமும் கூடவே வருகிறது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் டிஜிட்டல் வடிவில் உள்ள தரவுக்கு மட்டுமே பொருந்தும். நோட்டும் டிக்கெட்டும் அதன் எல்லைக்கு வெளியே, ஆனால் நோட்டை ஸ்கேன் செய்த நாளிலிருந்து உள்ளே. 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோரின் உறுதிசெய்த ஒப்புதல் வேண்டும், சிறுவர் உறுப்பினர்கள் நிறைந்த நூலகத்துக்கு இது சாதாரண வேலை இல்லை. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, கடமைகளில் பெரும்பாலானவை 18 மாதம் கழித்து அமலாகின்றன. சில பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்லும் பிரிவும் அவற்றில் உண்டு. ஆகவே கோஹாவில் எத்தனை நாளில் அழிப்பது என்று எண்ணைப் போடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, சர்வர் தொல்லையே வேண்டாம், மாதச் சந்தா கட்டினால் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று வரும் நிறுவனங்கள்? வசதிதான். ஆனால் பதிவு உங்கள் கையை விட்டுப் போய்விடுகிறது. அழித்துவிட்டோம் என்று அவர்கள் சொன்னால் நம்ப வேண்டும், சந்தாவை நிறுத்தினால் தரவு என்ன ஆகும் என்று ஒப்பந்தத்தில் தேட வேண்டும். மின்னூல் செயலிகளில் நிலைமை இன்னும் மோசமாகும். 2014 அக்டோபரில், அடோப் நிறுவனத்தின் மின்னூல் வாசிப்பு மென்பொருள், எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கம் படிக்கப்பட்டது என்ற விவரத்தைப் பூட்டாமல் வெறும் எழுத்தாகத் தன் சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது வெளியே தெரிந்தது. நூலகங்கள் இரவல் தந்த மின்னூல்களைப் படிக்க அந்த மென்பொருளைத்தான் பலர் பயன்படுத்தினார்கள். காகித அட்டை எடுத்ததை மட்டும் சொன்னது, இது எந்தப் பக்கத்தில் நிறுத்தினார் என்பதையும் சொன்னது.

பெரிய நிறுவனம் என்றால் பாதுகாப்பு என்பதும் இல்லை. 2023 அக்டோபரில் ரைசிடா என்ற கும்பல் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. நூலகம் கொடுக்கவில்லை. பயனாளர்களின் விவரங்களும் அடங்கிய ஏறக்குறைய 600 ஜிகாபைட் தரவை அவர்கள் இணையத்தில் கொட்டினார்கள். முக்கிய நூற்பட்டியலே அடுத்த ஜனவரி நடுவில்தான் மறுபடி தேடக் கிடைத்தது.

ஆக, என் முடிவு இது. ஒரே ஊழியர், நாளுக்கு ஐம்பதுக்குள் இரவல் என்றால் டிக்கெட் முறை. பழசு என்று யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அதற்கு மேல் என்றால் கோஹா, ஆனால் அழிக்கும் அமைப்புகளை முதல் நாளே இயக்கி, அதைப் பார்த்துக்கொள்ள ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்த பிறகு. அப்படி ஓர் ஆள் கிடைக்கவில்லை என்றால் தேதி நோட்டே மேல், ஒருவர் வரி இன்னொருவருக்குத் தெரியாமல் நூலகரே எழுதும்படி மாற்றிக்கொண்டு. எக்செல்லையும் உறுப்பினர் பக்க நோட்டையும் இன்றே நிறுத்தலாம். அரசு கிளை நூலகங்களுக்கு இந்தத் தேர்வு கிடையாது, மேலிடம் சொன்னபடிதான். அங்கே இருப்பவர்கள் பதிவேட்டை மேஜையிலிருந்து எடுத்து உள்ளே வைப்பதையாவது செய்யலாம்.

எந்த முறையை எடுத்தாலும் சேர்க்கைப் படிவத்தைக் குறைக்க வேண்டும். பெயர், முகவரி, ஒரு தொலைபேசி எண் போதும். ஆதார் நகலை வாங்கி ஃபைல் செய்து வைப்பது ஏன் என்று எந்த நூலகத்திலும் எனக்குச் சரியான பதில் கிடைத்ததில்லை. முகவரியைச் சரிபார்க்கத்தான் என்றால் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

போலீஸ் வந்து கேட்டால்? பதற வேண்டியதும் இல்லை, அங்கேயே நோட்டை நீட்ட வேண்டியதும் இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவின்படி நீதிமன்றமோ காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ ஆவணத்தைக் கேட்க முடியும், ஆனால் எழுத்தில் கேட்க வேண்டும். எழுத்தில் வந்தால் கமிட்டித் தலைவரும் வழக்கறிஞரும் பார்த்துப் பதில் தருவார்கள் என்று நூலகர் சொன்னால் போதும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: உத்தரவு வந்த பிறகு பதிவை அழிப்பது குற்றம். வழக்கமாக, எல்லாருடையதையும், குறித்த நாளில் அழித்து வருவது வேறு. அந்த வழக்கத்தைக் கமிட்டித் தீர்மானமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2005-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் எஃப்பிஐ கடிதம் வாங்கிய நான்கு நூலகர்களுக்கு அதைப் பற்றி வெளியே பேசவே தடை இருந்தது. வழக்குப் போட்டு, அடுத்த ஆண்டு அந்தத் தடையை விலக்கவைத்தார்கள். அங்கே கேட்கப்பட்டது யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார் என்பதுகூட இல்லை, நூலகக் கம்ப்யூட்டரை ஒரு குறிப்பிட்ட நேரத்தில் பயன்படுத்தியவர் யார் என்பதுதான்.

அதனால் கம்ப்யூட்டர் மூலையில் பெயரும் நேரமும் எழுத ஒரு நோட்டு தொங்குகிறதா என்றும் பாருங்கள். வாசலில் இருக்கும் வருகைப் பதிவேட்டையும். அதில் தொலைபேசி எண்ணுக்கு ஒரு பத்தி இருக்கிறது, எண்ணை எழுதிவிட்டுப் போன பெண்களுக்குத் தெரியாத எண்ணிலிருந்து குட்மார்னிங் வந்த கதை பல ஊர்களில் உண்டு. வந்தவர் எண்ணிக்கைதான் தேவை என்றால் ஒரு கோடு போட்டால் போதும்.